பந்தியும் மேசையும்

கல்யாண நாளுக்கு எந்த ஓட்டலில் சாப்பிடலாம் என்று ஒரு கட்டுரையா, அதுவும் இந்தப் பத்திரிகையிலா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஆமாம், அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒரு தோழரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "மெழுகுவத்தி ஏத்தி வச்சு சாப்புடறதெல்லாம் மேட்டுக்குடிப் பழக்கம் தோழர். நம்ம சனங்களுக்கு ரேசன் அரிசியே ஒழுங்கா கெடைக்கல" என்றார். அவர் வீட்டில் கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தி மட்டும் பாட்டாளி வர்க்கத்துடையது போலிருக்கிறது. போகட்டும்.

2025 செப்டம்பர் 30. எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருசம். மறுநாள் காலையில் சென்னையில் ரயிலேறி நாகபுரி போவதாக ஏற்பாடு. அக்டோபர் 2ஆம் தேதி விஜயதசமி, தீட்சா பூமியில் லட்சக்கணக்கில் நம் சனங்கள் கூடும் நாள். ஒரு தடவையாவது போய் நின்றுவிட்டு வரவேண்டும் என்பது இரண்டு பேருக்கும் நெடுநாள் ஆசை. ஆக, சென்னையில் கையில் இருப்பது ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரிதான் கல்யாண நாள். எங்கே சாப்பிடுவது?

என்னோடு வங்கியில் வேலை செய்கிற ஒருவர், நல்ல மனுசர், ஒரு துண்டுச்சீட்டில் நாலு ஓட்டல் பேர் எழுதிக் கொடுத்தார். ஒன்று மொட்டை மாடியில் இருக்கிறதாம், கடல் தெரியுமாம். இன்னொன்று 'ப்யூர் வெஜ், ஆனா அட்மாஸ்பியர் சூப்பர்'. மூன்றாவது இடத்தில் ரெண்டு பேர் சாப்பிட ஆகும் செலவைக் கேட்டபோது, எங்க ஆயா நடவுக்குப் போன கூலியைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற பழைய வியாதி எனக்கு வந்துவிட்டது. அந்த வியாதியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதி எழுதி நமக்கே சலித்துவிட்டது. நாலாவது ஓட்டலைத் தேர்ந்தோம். அங்கே மீன் நன்றாக இருக்குமாம்.

அரையாண்டுக் கணக்கு முடிப்பு நாளில் அரை நாள் லீவு கேட்கிறவன் முட்டாள். நான் கேட்டேன். மூன்று மணிக்கு மேல்தான் விட்டார்கள். திருச்சியில் பஸ் ஏறும்போதே தெரிந்துவிட்டது, சென்னைக்குப் போய்ச்சேர பதினொன்றுக்கு மேல் ஆகும். ஆயுதபூசை லீவு வேறு. ரோடு முழுக்க வண்டி. உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போது அவள் என் கையிலிருந்த துண்டுச்சீட்டை வாங்கி நாலாய் மடித்துப் பைக்குள் போட்டாள். முண்டியம்பாக்கம் பெரியாசுபத்திரி விளக்குகள் சன்னலில் வந்து போயின. பிறகு விக்கிரவாண்டி. பஸ் ஒரு மோட்டலுக்குள் திரும்பியது. "வண்டி இருபது நிமிசம் நிக்கும். டிபன் சாப்புடறவங்க சாப்புடலாம்" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

தென்மாவட்டத்துக்கு பஸ்ஸில் போய்வந்த எவருக்கும் விக்கிரவாண்டி என்றால் இதுதான். சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவிலே, கும்பகோணம் ரோடு பிரிகிற இடம். ஊர்ப்பேர் தெரியாதவனுக்கும் இந்த மோட்டல்கள் தெரியும். காது கிழிகிற பாட்டு, ஈரத் தரை, ஆறின புரோட்டா, வெளியே விற்கிறதைவிடக் கூடின விலை, டிரைவர் கண்டக்டருக்கு மட்டும் உள்ளே தனிக் கவனிப்பு. வேறு எங்கேயும் போகமுடியாது என்று தெரிந்துகொண்டு நடத்துகிற வியாபாரம். இதைத் திட்டாத பிரயாணி கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன், இறங்காமலே.

இறங்கினதில்லை. ஒன்பது வருசமாக எத்தனை தடவை இந்த வழியாகப் போயிருப்போம். ஒரு தடவைகூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விக்கிரவாண்டியில் இறங்கினதில்லை. பஸ் நின்றால் அவள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி சாய்ந்துகொள்வாள். நான் பேப்பரை விரித்துக்கொள்வேன். அவள் பிறந்த ஊர் அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான். அவள் பிறந்தது ஊர்த் தெருவில். நான் பிறந்தது திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியில். இதற்கு மேல் விளக்கம் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குத் தேவையில்லை.

அன்றைக்கு அவள் எழுந்து நின்றாள். "எறங்கு" என்றாள். "இங்கயேவா?" "வேற எங்க? சென்னைக்குப் போறதுக்குள்ள நாளே முடிஞ்சிடும். கல்யாண நாளுன்னா இன்னிக்குத்தான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு அந்தத் தோழருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாண நாள் என்பது என்ன? ஒரு வருசம் முடிந்து அதே தேதி திரும்ப வருவது. எல்லோருக்கும் வருகிறது. அதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டால், ஊருக்குள்ளேயே பெண் எடுத்து ஊருக்குள்ளேயே பெண் கொடுக்கிறவனுக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் இந்த வடமாவட்டங்களில் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தேதி திரும்ப வருவதில்லை. கணக்கு எழுதுகிறவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் இன்ஜினியரிங் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் சமூகத்துப் பெண். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்தார்கள். ஜூலை 8ஆம் தேதி இரண்டு பேருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம். தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது, பதினெட்டு வருசம். 2025 ஏப்ரலில்தான் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

தருமபுரி. இளவரசனும் திவ்யாவும் 2012 அக்டோபரில் கல்யாணம் செய்தார்கள். நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். 2013 ஜூலை 4ஆம் தேதி இளவரசன் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்தார். ஒன்பது மாதம்.

சங்கர், கவுசல்யா. 2015 ஜூலையில் கல்யாணம். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க வெட்டினார்கள். கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். எட்டு மாதம்.

இந்த மூன்று ஜோடிகளில் ஒரு ஜோடிக்கும் முதல் கல்யாண நாள் வரவில்லை. கோகுல்ராஜுக்குக் கல்யாணமே ஆகவில்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் கூடப்படித்த பெண்ணோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆண் பாதி பெண் பாதியாகச் சாமி நிற்கிற கோயில் அது. மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. இது பழைய கதையும் இல்லை. நாங்கள் இந்தப் பஸ் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்னால், 2025 ஜூலை 27ஆம் தேதி, பாளையங்கோட்டையில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் தம்பி கைதானார்.

உடுமலைப்பேட்டை நடந்த அதே வருசம் செப்டம்பரில் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். முதல் வருசம் தேதி திரும்ப வந்தபோது, வாடகை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முட்டைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அது என்ன குடியின் பழக்கம் என்று தோழர்தான் சொல்லவேண்டும்.

2012இல் என்ன சொன்னார்கள்? 'நாடகக் காதல்' என்றார்கள். ஜீன்ஸ் போடுகிறான், கூலிங்கிளாஸ் மாட்டுகிறான், எங்கள் பெண்களை மயக்குகிறான் என்றார்கள். ஒரு அரசியல் தலைவர் மேடை போட்டுச் சொன்னார், பேப்பர்காரர்கள் அப்படியே போட்டார்கள். கவனியுங்கள், கோபம் ஜீன்ஸ் மேலே. நம் பையன் கிழிந்த லுங்கியோடு வரப்பில் நிற்கும்போது அவனுடைய காதல் அவர்களுக்குத் தெரிவதே இல்லை. அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து காப்பிக்குக் காசு கொடுக்கும்போதுதான் நாடகம் என்று படுகிறது. அப்படியானால் அந்த மேசை எவ்வளவு பெரிய விசயம்! அதை நம் தோழர்களும் 'மேட்டுக்குடி' என்று தள்ளிவிட்டால், இரண்டு பக்கமும் சேர்ந்து நம் பையனை மேசையிலிருந்து எழுப்பிவிடுவதாகத்தானே ஆகும்? (காதல் கவிதை அனுப்பினால் 'அடுத்த இதழில் பார்க்கலாம்' என்று திரும்பி வருகிறதே, அந்தக் கடுப்பும் எனக்கு உண்டு. மறைப்பானேன்.)

சாப்பாட்டையும் சாதியையும் பற்றித் தமிழ்நாட்டில் நிறையப் பேசியிருக்கிறோம். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பையன்களுக்குத் தனியாகச் சோறு போட்டதை எதிர்த்து 1924, 25இல் பெரிய கலகம் நடந்தது. தென்னிந்திய ரயில்வே ஸ்டேசன் சாப்பாட்டுக் கூடங்களில் பார்ப்பனர்களுக்கென்று இருந்த தனி இடம் 1941இல் போனது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் தொடங்கினார். பலபேர் ஜெயிலுக்குப் போனார்கள், கடைசியில் எழுத்து போனது. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வருசங்களில் நம் காலனிகளுக்குப் பக்கத்து டீக்கடையில் என்ன நடந்தது? நம் தாத்தாக்கள் கொட்டாங்குச்சியில் குடித்தார்கள். அப்புறம் தனி டம்ளர். பெஞ்சு கிடையாது, குத்துக்காலிட்டுக் கீழே உட்காரவேண்டும், குடித்துவிட்டுக் கழுவி வைக்கவேண்டும். கடைகளிலும் ஓட்டல்களிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அம்பேத்கர் காலத்திலேயே எழுதியாகிவிட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. சட்டம் ஜங்ஷன் வரைக்கும் ரயிலில் வந்தது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு டவுன்பஸ் கிடைக்கவில்லை.

இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது. இரட்டை டம்ளர் ஒழிந்துவிட்டது என்கிறார்கள். குடித்ததும் கசக்கிப் போட்டுவிடலாம், எவன் வாய் வைத்தது என்கிற பிரச்சினை கடைக்காரனுக்கு இல்லை. 'பிராமணாள்' போர்டு போன இடத்தில் 'உயர்தர சைவம்' வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரிதான். தரத்தில் உயர்ந்தது என்றால் தாழ்ந்தது எது என்று அந்தப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றும்.

அரசாங்கத்தின் வழி வேறு. ஆகஸ்டு 15ஆம் தேதியும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3ஆம் தேதியும் கோயில்களில் சமபந்தி. அய்ந்நூறு பேர் வரிசையாக உட்காருகிறார்கள். அதிகாரிகள், கட்சிக்காரர்கள், நம் ஆட்கள். வடை, பாயசம், போட்டோ. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பந்தியில் எனக்கு ஒரு விசயம் பிடிபட ரொம்ப வருசம் ஆனது. பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எல்லோரும் இலையைப் பார்க்கிறோம், எல்லோரும் ஒரே திசையில் பார்க்கிறோம், கை கழுவினால் தீர்ந்தது. ஆண்டுக்கு ரெண்டு நாள் அப்படி உட்காருவதற்குச் சாதி இந்துவுக்கு ஒரு சங்கடமும் கிடையாது. அதே மனுசரின் மகள், ரெண்டே பேர் உட்காருகிற மேசையில், நம் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அரிவாள் வருகிறது.

பாபாசாகேப் 1936லேயே இதைப் பார்த்துவிட்டார். லாகூர் ஜாத்பாத் தோடக் மண்டலத்துக்காக எழுதி, அவர்கள் மாநாட்டையே ரத்து செய்ததால் பேசாமலே அச்சில் வந்த அந்த உரையில், சமபந்தி நடத்திச் சாதியை ஒழிக்க முடியவில்லை, கலப்பு மணம்தான் உண்மையான மருந்து, ரத்தம் கலந்தால்தான் உறவு என்கிற உணர்வு வரும் என்கிறார். அதோடும் நிறுத்தவில்லை. மக்கள் ஏன் கலந்து மணக்கவில்லை என்று கேட்டு, சாத்திரத்தின் மேல் வைத்த நம்பிக்கைதான் காரணம் என்று அங்கே போய் அடிக்கிறார். அவருடைய முதல் கல்யாணம் பம்பாய் பைகுல்லா மார்க்கெட்டில், அன்றைய வியாபாரம் முடிந்த பிறகு, கொட்டகைக்கடியில் நடந்தது. இரண்டாவது, 1948 ஏப்ரல் 15ஆம் தேதி டெல்லி வீட்டில், பதிவுத் திருமணமாக, சாரஸ்வதப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் சாரதா கபீரோடு. சவிதா அம்பேத்கர் என்று நாம் சொல்கிற அம்மா. அவர்களை நம்மவர்களே என்னபாடு படுத்தினார்கள் என்பது தனிக் கதை. அதையும் ஒருநாள் எழுதவேண்டும்.

அமெரிக்காவில் கறுப்பர்கள் இதை வேறு வரிசையில் செய்தார்கள். 1960 பிப்ரவரி 1, கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நாலு கறுப்பு மாணவர்கள் உல்வொர்த் கடையின் சாப்பாட்டுப் பகுதியில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மாட்டோம் என்றார்கள். எழுந்திருக்க மாட்டோம் என்று இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பேர் வந்தார்கள். அந்த வருசமே அந்தக் கடை இறங்கி வந்தது. ஆனால் கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்வதைத் தடுக்கிற சட்டங்கள் செல்லாது என்று அவர்கள் உச்சநீதிமன்றம் சொல்ல 1967 ஜூன் வரை ஆனது. நமக்கு அந்தத் தடைச் சட்டம் இல்லை. 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா கொடுத்த சட்டம் இருக்கிறது, முத்துலட்சுமி ரெட்டி பேரில் நிதியுதவியும் தாலிக்குத் தங்கமும்கூட இருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது, மாமன் மச்சான் அனுமதிப்பதில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீசு என்று ஒரு விதி. யார் யாரைக் கட்டப்போகிறார்கள் என்று ஆபீசில் ஒட்டிவைக்கிறார்கள். வெட்டவருகிறவனுக்கு வெத்தலை பாக்கு வைத்த மாதிரி.

வங்கிக் கவுண்டரில் இந்தப் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். புதுத் தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல், கணக்கு தொடங்க வந்து நிற்பார்கள். 'அட்ரஸ் புரூஃப்' என்பேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். விலாசம் இருந்தால் ஓடிவந்திருக்க மாட்டார்களே. தமிழ்நாட்டில் ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று எத்தனை வருசமாகக் கத்துகிறோம். உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் மாவட்டந்தோறும் பாதுகாப்பு ஏற்பாடு செய்யச் சொன்னது. 2025 அக்டோபரில் நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சட்டம் வரட்டும், வரவேண்டும். ஆனால் அதில் கொலைக்குத் தண்டனை எழுதுவதோடு முடித்துவிடக் கூடாது. உயிரோடு இருக்கிற ஜோடிக்கு ஒரு வீடு, ஒரு விலாசம், சொந்த ஊர்க் கடைத்தெருவில் கை கோத்து நடக்கிற தைரியம், இதற்கும் அதில் இடம் இருக்கவேண்டும். செத்த பிறகு கொடுக்கிற நஷ்டஈட்டில் யாரும் டிபன் சாப்பிட முடியாது.

சரி, மோட்டலுக்கு வருகிறேன். பதினெட்டு நிமிசம் பாக்கி.

இந்த மோட்டல்களை எல்லோரும் திட்டுகிறார்கள் என்றேன். அன்றைக்கு உள்ளே நுழைந்தபோது எனக்கு வேறு மாதிரி பட்டது. முந்நூறு பேர் சாப்பிடுகிறார்கள், ஒருத்தனுக்கும் ஒருத்தனைத் தெரியாது. நெல்லைக்காரன், மதுரைக்காரன், நாகர்கோயில்காரன். டோக்கன் வாங்கினால் தட்டு வரும். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்க ஆள் கிடையாது. இதே தாலுகாவில் ஊருக்குள் போனால் முதல் கேள்வியே அதுதான். 1978 ஜூலையில் 12 தலித்துகளைக் கொன்ற விழுப்புரம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2023இல் நம் சனங்கள் உள்ளே போனார்கள் என்பதற்காக அடித்து, அப்புறம் சீல் வைத்த மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலும் இதே மாவட்டம். சாமி கும்பிட 2025 ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கவேண்டி வந்தது, அதுவும் போலீசு காவலோடு. அப்பேர்ப்பட்ட மண்ணில், தார் ரோட்டு ஓரமாக, ஒருத்தரையும் கேள்வி கேட்காத ஒரு துண்டு இடம். ஆறின புரோட்டாவுக்கு அதிகம் வாங்கும் காசில் பாதி அதற்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

எந்த மேசை என்பதில்தான் சின்னத் தகராறு. நான் மூலையைப் பார்த்துப் போனேன், தூணுக்குப் பின்னால். அவள் வாசலுக்கு நேரே, விளக்குக்கு அடியில் இருந்த மேசையில் பையை வைத்துவிட்டாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். முட்டை தோசை ரெண்டு, புரோட்டா ஒரு செட், ஒரு ஆம்லெட். "மெழுகுவத்தி இல்ல" என்றேன். "டியூப்லைட் போதும், மூஞ்சி நல்லாத் தெரியுது" என்றாள்.

தட்டு கொண்டுவந்த பையனுக்குப் பத்தொன்பது இருபது வயது இருக்கும். வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். அவளையே பார்த்தான். என் கையில் தோசை அப்படியே நின்றது.

"அக்கா, நீங்க..." என்று அவள் வீட்டு அடையாளத்தைச் சொன்னான். ஊர்ப்பையன். அவள் ஊரைவிட்டு வரும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். அவள் மறுக்கவில்லை, ஆமாம் என்றாள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதில் என்ன இருந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கம்மாவ முண்டியம்பாக்கத்துல சேத்துருக்குறாங்க. நாலு நாள் ஆவுது. தெரியாதா?" என்றான்.

யார் சொல்லியிருப்பார்கள்? ஒன்பது வருசமாக அந்த வீட்டிலிருந்து போன் கிடையாது. கொஞ்சம் முன்னால் அந்த ஆசுபத்திரி வாசலைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். நான் சன்னல் வழியாக அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, சென்னைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் எழுந்து கை கழுவினாள். தட்டில் தொட்டது பாதி, தொடாதது பாதி. "பார்சல் கட்டிக் குடு தம்பி" என்று அந்தப் பையனிடம் சொன்னாள். என்னிடம், "பைய எறக்கிடு" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ரயில் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அவள் அண்ணன் அங்கே இருப்பான் என்பதும் தெரிந்ததுதான்.

ஆட்டோவில் திரும்பிப் போனோம். வாசலில் இறங்கியதும், "நீ உள்ள வராத" என்றாள். நான் வருகிறேன் என்றேன். "வாணாம். எங்கம்மாவப் பாக்கறதுக்கு நான் யார்கிட்டயும் பர்மிசன் கேக்கப் போறதில்ல. ஆனா நீ இங்க நில்லு. வெளிச்சத்துல நில்லு." போய்விட்டாள். நான் எதிரே இருந்த டீக்கடை விளக்குக்கு அடியில், பெட்டியும் பார்சலுமாக நின்றேன். பயந்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. கழுத்துக்குப் பின்னால் ஒரு சில்லிப்பு, சங்கருக்கு இப்படித்தான் இருந்திருக்குமா என்று.

கால் மணி நேரம் கழித்து அவள் அண்ணன் வெளியே வந்தான். எனக்கு அவனைத் தெரியும், அவனுக்கும் என்னைத் தெரியும். ரோட்டைத் தாண்டி நேராக என்னைப் பார்த்து வந்தவன், பாதியில் திரும்பி அடுத்த கடைக்குப் போனான். ஒரு டீ சொன்னான். நான் இந்தக் கடையில், அவன் அந்தக் கடையில். நடுவில் நாலு பைக். என் கையில் பேப்பர் கப், அவன் கையிலும் அதே மாதிரி பேப்பர் கப். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. ரெண்டாவது டீ சொன்னான். நானும் சொன்னேன்.

பத்தரை மணிக்கு அவள் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அண்ணன் கப்பைக் கசக்கித் தொட்டியில் போட்டுவிட்டு, எங்கள் பக்கமாகவே நடந்து, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனான்.

"அம்மா?"

"தூங்கிக்கினு இருந்தாங்க. முழிச்சிப் பாத்தாங்க. சாப்ட்டியான்னு கேட்டாங்க."

டீக்கடைக்காரரிடம் கேட்டு பெஞ்சில் ஒரு ஓரம் உட்கார்ந்தோம். பார்சலைப் பிரித்தேன். மணி பத்தே முக்கால், செப்டம்பர் 30 தீர இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருந்தது.